மாதுவின் களி வைத்தியம்

மல்லேனள்ளி மாது நெல்லுச்சோறு சாப்பிடுவதை விட்டுவிட்டார் என்ற செய்தி, அவருக்குச் சர்க்கரை வந்த செய்தியைவிட வேகமாக ஊரைச் சுற்றி வந்தது. சுற்றவிட்டவர் அவரேதான். டாக்டர் சீட்டில் சுகர் என்று எழுதிக் கொடுத்த அன்றைக்கே, பாலக்கோட்டிலிருந்து திரும்புகிற வழியில் வீரமணியின் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இனி அரிசி என்ற சாமான் தன் வாயில் படாது என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தார். அவர் மனைவி அமுதவல்லிக்கே அது பக்கத்து வீட்டுச் சாலம்மாள் சொல்லித்தான் தெரியும்.

சொன்னபடியே இருந்தார். அதில் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் பிறந்தவருக்கு அரிசியை விடுவது பெரிய தவமா, ராகிக் களி இருக்கிறதே என்று யாரும் கேட்கலாம். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில், இலையில் பிரியாணி ஆவி பறக்க விழுகிற நேரத்தில், மடியிலிருக்கும் தூக்குப்போசியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன களியை எடுத்து வைத்துக்கொண்டு, குழம்பு மட்டும் ஊற்றச் சொல்லிக் கேட்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? மாதுவுக்கு வந்தது. பக்கத்து இலைக்காரர்கள் கையிலெடுத்த கறித்துண்டை வாய்க்குக் கொண்டுபோகக் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். எதிர்ப் பந்தியில் இருந்த அமுதவல்லி அதைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப் போவாள். அந்தக் களி அவள் கிண்டியதல்லவா.

அவள் களிக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. கட்டி விழாது, அடி பிடிக்காது. உருட்டி வைத்தால் எண்ணெய் தடவினது போல மினுங்கும். கிள்ளினால் விரலில் ஒட்டாது. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் அவளிடம் முதலில் ஒப்படைத்தது களித் துடுப்பையும், உருண்டை பிடிக்கிற மரக்கிண்ணத்தையும்தான். அந்தக் கிண்ணம் ஏர் ஓட்டிவிட்டு வந்து உட்காரும் ஆண்களின் பசிக்கு ஏற்றதாகக் கடைந்தது. அதில் ஒரு உருண்டை என்பது சின்னத் தேங்காய் அளவு இருக்கும். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தட்டில் ஒற்றை உருண்டை வைக்க மாட்டார்கள். செத்தவர்களுக்குப் படைக்கிறபோதுதான் ஒன்று. உயிரோடு இருக்கிறவர் தட்டில் எப்போதும் இரண்டு.

இப்படியே ஒரு வருஷம் போனது. அதற்குள் மாதுவின் வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. இடது கண் சின்ன வயசிலேயே கரும்புத் தோகை கிழித்து மங்கியது. பிழைப்புக்கு இருந்தது வலது கண் ஒன்றுதான். சுற்று வட்டாரத் தோட்டங்களில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டு மார்க்கெட்டில் இறக்குவது அவர் தொழில். எல்லாரும் குட்டியானை என்று சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டியை அவர் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார். ஒரு நாள் எதிரே வந்த பஸ்ஸின் பக்கவாட்டில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் பஸ் அவ்வளவு கிட்டத்தில் வந்தது தனக்குத் தெரியவே இல்லை என்று அவர் சொன்ன பிறகு, அமுதவல்லி வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி வாசல் புளியமரத்தடியில் நின்றது. தக்காளிக்காரர்கள் வேறு வண்டிகளைத் தேடிப் போனார்கள்.

தருமபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் சர்க்கரை மிகவும் ஏறியிருக்கிறது, இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் போனபோது இன்னும் ஏறியிருந்தது. அங்கிருந்த டாக்டர் மாதுவை விட்டுவிட்டு அமுதவல்லியைப் பார்த்து, வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அரிசியே கிடையாதுங்க, மூன்று வேளையும் ராகிதானுங்க என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அப்படியானால் உங்களுக்குத் தெரியாமல் வெளியில் எதையோ சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போகிற போக்கில், புரை முற்றிக்கொண்டு வருகிறது, இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் சிக்கலாகும் என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை அமுதவல்லியின் மனசில் முள்ளாகத் தைத்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். வெளியில் எதையோ சாப்பிடுகிறார். என்னத்தை?

மறுநாளிலிருந்து விசாரணை தொடங்கியது. வீரமணியின் கடைக்குப் போய், இவர் டீக்குச் சர்க்கரை போடுகிறாயா என்று கேட்டாள். அவன் பால் பாத்திரத்தின் மேல் கை வைத்து, மாதண்ணன் குடிக்கிற டீயைக் குடிப்பதற்குக் கஷாயமே மேல், அவ்வளவு கசக்கும் என்று சொன்னான். சட்டைகளைத் துவைக்கப் போடுமுன் பையை மோந்து பார்த்தாள், வெல்ல வாசம் வருகிறதா என்று. வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து தேடினாள். பழைய சுங்கச் சீட்டும் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழமும் கிடந்தன. சாலம்மாளிடம், ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் இவர் கண்ணில் பட்டால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சாலம்மாள் ஊருக்கே பார்வை பார்க்கிறவள். அவளுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

மாதுவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. கண்தான் மங்கலே தவிர காது நன்றாகக் கேட்கும். ஒரு வருஷமாகப் பந்தியில் தூக்குப்போசியோடு உட்கார்ந்த மனிதரை இப்படிச் சந்தேகப்பட்டால் யாருக்கும் வருத்தம் வரத்தான் செய்யும். அவர் சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். களி தின்றால் தூக்கம் தானாக வரும். அவர் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்த அமுதவல்லிக்கு மனசு பொறுக்கவில்லை. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கும் இல்லை. அதனால் உருண்டையைக் கொஞ்சம் பெரிதாக உருட்டினாள்.

மகள் சுகுணா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எப்படிக் குத்துவது, எப்படிச் சொட்டு வைப்பது, எவ்வளவு இருந்தால் நல்லது, எவ்வளவு இருந்தால் கெடுதல் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஏறினால் மட்டும் ஆபத்தில்லை, இறங்கினாலும் ஆபத்து. வேர்த்துக் கை நடுங்கினால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சோதித்துப் பார்க்க அமுதவல்லி மறுநாளையே தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு முழுக்க மாதுவைத் தன் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. தோட்டத்துக்குக் கூடவே கூட்டிப் போனாள். அவள் அவரைக்காய் பறித்தாள், அவர் வரப்பில் உட்கார்ந்து தக்காளிச் செடிக்குக் கட்டச் சணல் முறுக்கினார். காலையில் கூழ், மத்தியானம் களி, சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. டீயைக்கூட அவள் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷமா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.  வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் விரலைக் குத்தினாள்.

மெஷின் முன்னூறுக்குப் பக்கத்தில் காட்டியது.

மெஷின் கோளாறு என்றார் மாது. அமுதவல்லி தன் விரலைக் குத்திப் பார்த்தாள். சாதாரணமாக இருந்தது. மறுபடி அவருடையதைப் பார்த்தாள். முன்னே காட்டிய அதே பக்கத்தில்தான் நின்றது. மெஷினும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது இந்தச் சர்க்கரை?

அந்த யோசனையோடுதான் ராத்திரிச் சமையலுக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். களிக்கு முதலில் உலையில் நொய்யைப் போட வேண்டும். நொய் வெந்து குழைந்து கஞ்சியாகக் கொதிக்கிறபோதுதான் மேலே ராகி மாவைக் கொட்டித் துடுப்பால் குத்திக் கிண்ட வேண்டும். அப்படிக் கிண்டினால்தான் களி மிருதுவாக இருக்கும். இரண்டு கை நொய்யை அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் களைந்தாள். காலையிலிருந்து அவர் வாயில் போனதை ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே களைந்தாள். கூழ், அதிலும் நொய். களி, அதிலும் நொய். வெள்ளைத் தண்ணீர் சட்டியில் சுழன்றது. அவள் கை அப்படியே நின்றது.

அரிசி ஆலையில் அரிசி உடைந்து விழுவதுதான் நொய். அது அவளுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் சோறு என்றால் சோறு, நொய் என்றால் களிக்குப் போடுவது. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க இந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். மாது கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஏங்க, நொய்யும் அரிசிதானுங்களே?"

மாது நெடுநேரம் யோசித்தார். "நொய்யி நொய்யிதான். அரிசி அரிசிதான்."

"அரிசி ஒடஞ்சாத்தான் நொய்யி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பயம் வந்தது. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனிதர். பிறகு மெதுவாக, நொய்யை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். அமுதவல்லி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது இன்னொரு சந்தேகமும் வந்துவிட்டது. நொய் இரண்டு கைதான். மாவு எவ்வளவு?

"ரெண்டு உருண்டையும் திங்கறீங்களே, அவ்வளவு பசிக்குதுங்களா?"

"பசியா? ஒண்ணுலயே வவுறு நெறஞ்சுருது."

"பின்ன எதுக்குத் திங்கறீங்க?"

"நீ வைக்கற. அடுப்புக்கிட்ட நின்னு வேர்த்து ஒழுகக் கிண்டிக் கொண்டாந்து வைக்கற. அதப் போயி வோணாம்னு எப்படிச் சொல்றது? அப்பறம் நீ மொகத்தத் தூக்கி வச்சுக்குவ."

அமுதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்க வழிச்சுத் திங்கறதப் பாத்துத்தானுங்க நான் இன்னுங் கொஞ்சம் பெருசா உருட்டினேன்" என்றாள்.

ஏர் ஓட்டுகிறவருக்கு என்று கடைந்த கிண்ணம். மாது கலப்பை பிடித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வண்டியில் உட்கார்ந்து போய், உட்கார்ந்து வருகிறவர். இப்போது அந்த வண்டியும் இல்லாமல் கட்டிலில் கிடக்கிறவர். கிண்ணம் மட்டும் மாறவில்லை.

தப்பு தெரிந்துவிட்டால் அமுதவல்லி சும்மா இருக்கிற பேர்வழி அல்ல. மறுநாளே நொய்யை நிறுத்தினாள். கூழை நிறுத்தினாள். ராத்திரித் தட்டில், மாமியார் காலத்திலிருந்து யாரும் செய்யாத காரியமாக, ஒற்றை உருண்டை வைத்தாள், அதையும் பாதியாகக் கிள்ளி. வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. போதாததற்கு, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஏரிக்கரையை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் சாப்பாடு என்று சட்டம் போட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல எழுந்ததும் போடச் சொன்னாள். அது மருந்தாயிற்றே, அதைக் குறைக்கக் கூடாது. மாது எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் நடந்தால் அவளும் பின்னால் நடந்தாள், பத்தடி விட்டு. புருஷனும் பெண்டாட்டியும் வேலை வெட்டி இல்லாமல் சேர்ந்து நடப்பதை மல்லேனள்ளி பார்த்ததில்லை. ஆனால் பார்வை சரியில்லாத மனிதரைத் தனியாக ஏரிக்கரைக்கு அனுப்பவும் முடியவில்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மதகுக்குப் பக்கத்தில் மாது நின்றார். பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அமுதவல்லி ஓடிப் போய்ப் பார்த்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. என்னங்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குழறியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுகுணா சொன்னது நினைவுக்கு வந்தது.

சாலம்மாள் கரைக்குக் கீழே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். கையிலிருந்த தூக்கில் வரக்காப்பி இருந்தது, நிறைய வெல்லம் போட்டது. அமுதவல்லி கூவிக் கூப்பிட்டாள். சாலம்மாள் தூக்கை நீட்டினாள். எந்த வெல்லத்தின் வாசம் வருகிறதா என்று இத்தனை நாள் சட்டைப் பையை மோந்து பார்த்தாளோ, அதே வெல்லத்தைத் தன் கையால் அவர் வாயில் ஊற்ற வேண்டிவந்தது. ஒரு நொடி தயங்கினாள். பிறகு தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்கு ஏதாவது ஆனால், பட்டினி போட்டுக் கொன்றவள் நான்தான் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கியது. மாது கண்ணைத் திறந்து, தூக்கைத் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

"பொழச்சுக்கிட்டாரு உம்புருசன்" என்றாள் சாலம்மாள். "மொதல்ல வூட்டுக்குக் கூட்டிப் போயி சோத்தப் போடு. ஆட்டுக்குக்கூட நான் இத்தன பத்தியம் வச்சதில்ல."

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் லூர்துமேரி இருந்தார். அமுதவல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. நொய்யிலிருந்து வரக்காப்பி வரை வரிசையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு இருவருக்கும் சேர்த்து நல்ல திட்டு விழுந்தது. ராகி நல்ல தானியம்தான், ஆனால் அதுவும் தானியம்தான். உள்ளே போனால் அரிசியைப் போல அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும், நல்லது என்பதற்காக மலை போலத் தின்னச் சொன்னது யார் என்று மாதுவைக் கேட்டார். அமுதவல்லியைப் பார்த்து, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடக்க வைத்தால் மயங்கி விழாமல் என்ன செய்வார் என்று கேட்டார். தட்டில் பாதிக்குக் கீரையும் காயும், மீதிப் பாதியில் ஒரு பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ, இன்னொரு பங்குக்குத்தான் களி. நேரம் தவறாமல் மூன்று வேளை. நடப்பது சாப்பிட்ட பிறகுதான், சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாமல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மிட்டாய், நடுக்கம் வந்தால் மட்டும். மாத்திரையில் ஒன்றை மாற்றி எழுதினார்.

திரும்பி வரும்போது மாது ரொம்ப நாளைக்குப் பிறகு கலகலப்பாக இருந்தார். டாக்டரே சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னார். அதை நான்தான் எண்ணி வைப்பேன் என்று அவளும் இரண்டு தடவை சொன்னாள்.

அமுதவல்லிக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. தட்டில் அந்த ஒற்றை உருண்டை. இத்தனை நாளும் அதை வைக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது. ஏரிக்கரையில் அவர் உட்கார்ந்த உட்காரல் அந்த ஒற்றை உருண்டையால்தான் என்று டாக்டர் சொல்லாவிட்டாலும் அவள் மனசு சொன்னது. மரக்கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பரணில் ஏறிப் பழைய பெட்டியில் துழாவினாள். சுகுணா குழந்தையாக இருந்தபோது கஞ்சி ஊட்டிய எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது. தண்ணீர் தொட்டு அதில் உருட்டினாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டு திரண்டு இரண்டு உருண்டை. பக்கத்தில் பண்ணைக்கீரைக் கடைசல் ஒரு குன்று, அவரைக்கொட்டைப் பொரியல் ஒரு குன்று.

மாதுவுக்குத் தட்டு மங்கலாகத்தான் தெரிந்தது. விரலால் தடவி அளவு பார்த்தார்.

"இது என்னா, கோலிகுண்டா?"

"ரெண்டு இருக்குதில்ல? தின்னுங்க."

 தின்று முடித்ததும் கட்டில் பக்கம் திரும்பியவரை அவள் செருப்பை எடுத்துப் போட்டு வாசல் பக்கம் திருப்பினாள்.

நடை என்பது ஆரம்பத்தில் பெரிய கூத்தாகத்தான் இருந்தது. பத்தடி பின்னால் நடந்துகொண்டிருந்த அமுதவல்லி, ஒரு நாள் அவர் சரளைக்கல்லில் இடறியதும் பக்கத்தில் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கை அவள் தோளில் இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில், ஊர் பார்க்க. வீரமணி கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் புது மாப்பிள்ளையும் பொண்ணும் மறுவீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். பொண்ணுக்கு நரை தட்டிப் போச்சே என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். சாலம்மாள், கல்யாணத்தன்றுகூட இவர் இப்படி அவளைத் தொட்டு நின்று தான் பார்த்ததில்லை என்று ஆடுகளைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டு போனாள், கையை மட்டும் தோளிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் கேலி பேசினார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது.

இடையில் ஒரு சறுக்கலும் இல்லாமல் இல்லை. ஒரு நாள் மார்க்கெட் பக்கம் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போன மாது, சூடாக இரண்டு போண்டாவை உள்ளே தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்றைக்கு ரெண்டு சுற்று நடக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டாள். சொன்னார். முன்பென்றால் அவள் ஊரைக் கூட்டியிருப்பாள். இப்போது, சட்னி நல்லா இருந்துச்சுங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அவளும் செருப்பை மாட்டினாள். தானாக வந்து சொன்னாரே, அது போதும் அவளுக்கு.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. முந்தின நாட்களிலெல்லாம் மெஷின் நன்றாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அமுதவல்லிக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பிய இடம். இந்தத் தடவையும் அனுப்பினால் அந்தக் கண்ணும், அந்தக் கண்ணை நம்பிப் புளியமரத்தடியில் நிற்கிற வண்டியும் என்ன ஆகும்? பஸ்ஸில் அவர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். அவள் ம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் விரலைக் குத்தினார், மெஷினைப் பார்த்தார், எதையோ எழுதினார், உட்காருங்கள் என்றார். அவ்வளவுதான். கூட இருக்கிறதா குறைச்சலா என்று கேட்க அமுதவல்லிக்கு நாக்கு எழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாது அவள் பக்கம் குனிந்து, முகம் எப்படி இருந்தது அந்தப் பொண்ணுக்கு என்று மெல்லக் கேட்டார். அவருக்குத்தான் முகம் தெரியாதே. ஒண்ணும் சொல்ல முடியலீங்க என்றாள் அவள். பெயர்களாகக் கூப்பிட்டார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள், சிலர் உள்ளே போனார்கள். கடைசியில் நர்ஸ் வந்து நின்றார்.

"மாதுங்களா? வலது கண்ணுதான? சட்டையக் கழட்டிட்டு இந்த பச்சைத் துணியப் போட்டுக்கோங்க."

அமுதவல்லி சட்டைப் பொத்தானைக் கழற்ற உதவினாள். ஒரே பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டாள். மாது தன் கையால் அவள் கையை நகர்த்தி, அவரே கழற்றிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளைக் கட்டோடு அவரைக் கட்டிலில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கெல்லாம் ஒரு அம்மாள் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் தோய்த்துத் தின்று முடித்துவிட்டார்கள். மாது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அமுதவல்லி இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். காலையிலிருந்து சரியான சாப்பாடில்லை. டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டிருந்தார். பிஸ்கட்தான் பிரச்சினை.

"அமுதா, இதுக்கு என்னா கணக்கு?"

அவள் யோசித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள். இன்னொரு பாதியையும் பிறகு வைத்தாள். மீதி ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மாது பாதியை மெல்ல மென்று, இன்னொரு பாதியையும் மெல்ல மென்று, டீயைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினார்.

நர்ஸ் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டார். சாப்பிட்டேனுங்களே, கொஞ்சம் நடந்துட்டு வந்துடறேன் என்றார் மாது, அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்பது போல. குனியக் கூடாது, வேகமாகப் போகக் கூடாது, தாழ்வாரத்தைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, அவர் கையை நீட்டினார். அமுதவல்லி எழுந்து தோளைக் கொண்டுவந்து அதற்கடியில் வைத்தாள். இருவரும் சுவரோரமாக நடக்கத் தொடங்கினார்கள்.

நர்ஸுக்கு நம்பிக்கை இல்லை. பின்னாலேயே இரண்டடி வந்து, "ஏம்மா, எங்க வரைக்கும் போவாரு இவரு?" என்று கேட்டார்.

அமுதவல்லி திரும்பாமலே சொன்னாள்: "நான் திரும்புனா அவரும் திரும்பிருவாருங்க."